அம்பாரத்தில் பதிந்த கை

8-10-69, புதன்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள். அம்மாவிடமும் வேண்டாம்.

நேற்றிலிருந்து நான் வீட்டுக்குத் தூரம். கொல்லை அறையில் தனியாக இருக்கிறேன். மத்தியானம் ஜன்னல் வழியே பார்த்தால், களத்தில் ஓர் ஆடு நெல் அம்பாரத்தின் மேல் ஏறி நின்று மேய்கிறது. காவலுக்கு யாரும் இல்லை. ஓடிப்போய் விரட்டினேன். சறுக்கி, கையை ஊன்றிவிட்டேன். அப்பா போட்டிருந்த சாம்பல் முத்திரை அழிந்துபோயிற்று.

இந்த மூன்று நாளில் போய் நெல்லைத் தொட்டுவிட்டேனே! யாரிடம் சொல்வேன்?

9-10, வியாழன்

நெல்லை அளந்து பங்கு பிரிக்கும் வரை யாரும் கை வைக்காமல் இருக்கத்தான் முத்திரை. கலைந்தால் திருட்டு. குத்தகைக்காரர் மருதையனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. அவர் விளைவித்த நெல்லை அவரே திருடினாராம்.

"நேத்து மத்தியானம் காவல விட்டுட்டு எங்கடா போனே?" என்று அப்பா கேட்டதற்கு அவர் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரியும். புதுச் சட்டப்படி குத்தகையைப் பதிய தாலுகா ஆபீஸ் போயிருந்தார். அவர் மகள் அம்சம் என் வகுப்புதான், கான்வென்ட் விடுதியில் இருக்கிறாள். போன வாரமே சொன்னாள்.

அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. "பதியறானாம்ல, பதியட்டும்" என்று சாப்பிடும்போது அம்மாவிடம் சிரித்தார்.

11-10, சனி

அம்சம் அழுதிருப்பாள். சிஸ்டர் பிரிஜிட் களத்துக்கே வந்துவிட்டார். அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்து முப்பது வருஷம். பள்ளிக்கூடத்தில் எது காணாமல் போனாலும் அவர்தான் துப்பறிவார். அம்பாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எதையோ பொறுக்கி அப்பாவிடம் நீட்டினார்.

"இது என்னங்க?"

"ஆட்டுப் புழுக்கை."

"நெல்லு திருட வந்தவன் ஆட்டையும் கூட்டிட்டா வந்தான்?"

பண்ணையாள் வைரக்கண்ணு சிரித்துவிட்டான். அப்பா முறைத்தார்.

"ஆட்டப் பாத்தது யாருன்னு சொல்லுங்க சிஸ்டர். கேச வாபஸ் வாங்கிடறேன்."

"இந்தக் கைத்தடம் ரொம்பச் சின்னதுங்க."

நான் கொல்லை வாசலில் நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

13-10, திங்கள்

வகுப்பு முடிந்ததும் சிஸ்டர் என்னை நிறுத்தினார். "எங்க தாத்தாவையும் அயர்லாந்துல இப்படித்தான் பழி போட்டு நெலத்த விட்டு வெளியேத்திட்டாங்க. உண்மை தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருந்தாங்க. பேசல. நீ எதாவது பாத்தியாம்மா?"

"இல்ல சிஸ்டர்."

வராந்தாவில் அம்சம் நின்றிருந்தாள்.

14-10

எழுத முடியவில்லை.

15-10, புதன்

மருதையனை விட்டுவிட்டார்கள். நிலத்தை மனசார விட்டுக்கொடுத்ததாகக் கைநாட்டு வாங்கிக்கொண்டு விட்டார்கள். "இப்பத்தான் புத்தி வந்துச்சு" என்றார் அப்பா. அம்மா பாயசம் வைத்தாள். சாப்பிட்டேன். ஐயோ, ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனே!

16-10, வியாழன்

காலையில் சிஸ்டரிடம் எல்லாம் சொன்னேன். தூரமாக இருந்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"பொய்க் கேசு போட்டு வாங்குன கைநாட்டு செல்லாதுன்னு தாசில்தார்கிட்ட சொல்லலாம். ஆனா புழுக்கைய வெச்சு வாதாட முடியாது. உன் கையெழுத்து வேணும். பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான்."

நடந்ததை எழுதிக் கொடுத்தேன். கீழே என் பெயர், தகப்பனார் பெயர் தியாகேசன், ஊர், எல்லாம் போட்டேன். சிஸ்டர் பதினோரு மணி பஸ்ஸில் தாலுகா ஆபீஸ் போனார். மூன்று மணிக்கு அங்கிருந்து அப்பாவைக் கூப்பிட ஆள் வந்ததாம்.

இப்போதுதான் வண்டி வந்து நிற்கிறது. கூடத்தில் அம்மா, "அவ தூங்கிட்டாங்க, காலைல கேட்டுக்கலாங்க" என்கிறாள். செருப்புச் சத்தம் இந்தப் பக்கம்தான் வருகிறது. கதவைத் தட்டு