அரையும் அரையும் அரையா?

ஜனவரி 18, சனி

பதுளையில் பெரியவர்களுக்கான கணக்கு வகுப்பு. இந்த வயதில் மறுபடியும் பின்னம்! எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில் ஆயா வேலை ஒன்று வருகிறது. அதற்கான சோதனையில் பின்னக் கணக்கு உண்டு. பக்கத்துக் காம்பரா வீட்டு மதுஷாவும் நானும் சேர்ந்தே போனோம். வேலை கிடைத்தால் மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டாம். என் மகள் சின்னவளை நாள் முழுக்கப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். வேறு ஆசை எனக்குக் கிடையாது.

ஜனவரி 25, சனி

சின்னவளுக்குக் காய்ச்சல். வகுப்புக்குப் போகவில்லை. சாயங்காலம் மதுஷா வந்து சொல்லிக்கொடுத்தாள். "மேல இருக்கிறத மேலயும் கீழ இருக்கிறத கீழயும் கூட்டுடி. அவ்வளவுதான்."

அப்படிப் பார்த்தால் அரையும் அரையும் சேர்ந்து நான்கில் இரண்டு. திரும்பவும் அரைதானே? கேட்டேன்.

"கொழுந்து கொறஞ்சா அரைநாள் வரவுன்னு அரைப்பேர் போடுறாங்கல்ல? ரெண்டு நாள் அரைப்பேர் வாங்கினா முழுப்பேர் ஆயிருமா? அது மாதிரிதான்."

ஆகாதுதான். நம்பிவிட்டேன்.

ஜனவரி 29, புதன்

சோதனை. எல்லாக் கணக்கையும் போட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

வேலை மதுஷாவுக்கு. சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 1, சனி

எங்கே தப்புச் செய்தேன் என்று தெரிய வேண்டும். தனியாக வகுப்புக்குப் போனேன். அரையுடன் மூன்றில் ஒன்றைக் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினேன்.

ஸில்மியா டீச்சர் சிரிக்கவில்லை. "கூட்டின பெறகு அரைய விடக் கொறஞ்சிருக்கே, எப்படி?" கீழ் எண்களை முதலில் ஒன்றாக்க வேண்டுமாம். ஆறில் மூன்று, ஆறில் இரண்டு; ஆக ஆறில் ஐந்து. "போன சனிக்கிழமை இதத்தானே படிச்சோம். மதுஷா பலகையில சரியாப் போட்டுக் காட்டினாவே."

பலகையில். சரியாக.

காலையில சரியாப் போட்டவ, சாயங்காலம் என் பிள்ளையோட தலைமாட்டுல உக்காந்துக்கிட்டு — எப்படி மனசு வந்துச்சு? நான் ஊத்திக் கொடுத்த தேத்தண்ணியக் குடிச்சிக்கிட்டே சொன்னாளே! பாவி. அரைப்பேர் கதையெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டா வந்தாள்?

பெப்ரவரி 2, ஞாயிறு

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது மதுஷாவிடம் கேட்டேவிட்டேன். அவள் நிறைந்த குடத்தை இறக்கி வைத்தாள்.

"இருந்தது ஒரு எடந்தானே விஜி. எனக்கும் பிள்ள இருக்கு."

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

மார்ச் 3, திங்கள்

இதுவரை சின்னவளைப் பார்த்துக்கொண்ட மாமியார், பூனாகலையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வேறு வழியில்லை. வேலைக்குப் போகும் முன் மடுவத்தில் மதுஷா கையில்தான் பிள்ளையைக் கொடுத்தேன். பால்மா அளப்பதை நின்று பார்த்தேன். சரியாகத்தான் அளந்தாள்.

மாலையில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அம்மா வந்துட்டாங்க பாரு, போ" என்றாள்.

சின்னவள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.