சுவரில் தட்டியவர்

அக்டோபர் 3
வேலையில் சேர்ந்து எட்டாம் நாள். ஐம்பத்து மூன்று வயதில் சட்டைக் காலர் தைக்கிறேன். சூப்பர்வைசர் பெண், "அக்கா, கை வேகம் பத்தலை" என்று கடிந்தாள். திட்டு வாங்குவதுகூட சந்தோஷமாகத்தான் இருக்கிறது!

வீட்டுக்காரரைப் படுக்கையில் விட்டு, கைக்கெட்டும்படி தண்ணீர் வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். பக்கவாதத்தில் வலக்கையும் காலும் பேச்சும் போய் நாலு மாதம்.

அக்டோபர் 9
பக்கத்து வீட்டு டீச்சர் மாடிப்படியில் மறித்தாள். "உங்க வீட்டுச் சுவத்துல பகல் பூரா டொக்கு டொக்குன்னு சத்தம். எலியா?"

"எலிதான்."

எலியாவது ஒன்றாவது. விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர் இவர். அங்கே சுவரில் தட்டியே பேசுவார்களாம், எழுத்துக்கு இத்தனை தட்டு என்று. கல்யாணமான புதிதில் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் காது கொடுத்துக் கேட்டேன். "திற" என்கிறார். புரியாத மாதிரி பாத்திரம் கழுவினேன்.

அக்டோபர் 10
கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்திப் போட்டேன்.

அக்டோபர் 18
பாவமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் என்னை உள்ளே வைத்துப் பூட்டியவர்தானே? தபால் ஆபீஸ் வேலைக்கு ஆர்டர் வந்தது. கிழித்துப் போட்டார். "முதல்ல நாடு விடுதலை ஆகட்டும். உனக்கென்னடி அவசரம்?" விடுதலையும் ஆயிற்று. மறுபடி கேட்டேன். "இப்பத்தானே ஆயிருக்கு!" ஊருக்குத்தான் உபதேசம். அன்னிக்கு நானும்தான் கதவைத் தட்டினேன், எவன் காதுல விழுந்துச்சு?

நவம்பர் 2
தியாகிகள் பாராட்டு விழாவில் இவருக்குப் பதக்கமாம். காரே அனுப்புவார்களாம். சொல்ல வந்த அதிகாரி முன்னால் இவரை நாற்காலியில் உட்கார்த்தினேன். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். இடக்கையால் நாற்காலிச் சட்டத்தில் தட்டத் தொடங்கினார், மூச்சு வாங்க வாங்க.

பூட்டி வைக்கிறாள். கூட்டிப் போ.

"ஐயா என்னம்மா சொல்றாரு?"

"பதக்கத்தை வீட்டுக்கே அனுப்பிடச் சொல்றாரு. கூட்டம் கூச்சலெல்லாம் அவருக்கு ஆகாது."

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு எளிமையான மனுஷர்!" என்று இவர் காலைத் தொட்டார். இவர் கை அப்படியே நின்றது.

நவம்பர் 15
பதக்கம் வந்தது. இவர் பார்க்கவில்லை.

நவம்பர் 21
பூட்டாமல் போய்விட்டேன். மறதியா, வேண்டுமென்றேவா? எனக்கே தெரியவில்லை. மத்தியானம் போட்டது போட்டபடி ஓடி வந்தேன். நான் விட்டுப் போன மாதிரியே கதவு ஒருக்களித்துக் கிடக்கிறது. இவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார்.

"கட்டிலைத் தட்டி யாரையாவது கூப்பிட்டிருக்கலாமில்ல?"

கட்டில் சட்டத்தில் நானே தட்டினேன். இத்தனை வருஷம் கழித்தும் விரல் மறக்கவில்லை. பேசுங்க.

அந்தத் தட்டை நான் மறக்கவில்லை, புரிந்தும் புரியாத மாதிரி இருந்தேன் என்பது இவருக்கு இப்போது உறுதியாகிவிட்டது. என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.