கையில் எடுத்த மொச்சை

நங்கை,

பேளுக்குறிச்சிச் சந்தையில் வாங்கிய மொச்சையை ஊறப்போட இன்று முறத்தில் பரப்பினேன். அத்தனை சிவப்புக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளை. அண்ணன் மனைவியாக வந்து என்னையும் சேர்த்து மேய்த்த உங்கள் ஞாபகம் வராமல் என்ன செய்யும்?

இனி யாரும் உழக் கூடாது என்று வெள்ளைக்காரச் சர்க்கார் மலைக்காட்டை அடைத்த வருஷம் அது. அண்ணன் இறந்து ஆறு மாதம். உழுது பிழைக்க நமக்கு இடமில்லை. ஊற்றடியில் ஒரு வயல் ஆளில்லாமல் கிடந்தது. அதைக் கேட்டதோ ஏழு வீடு. கிடைக்காவிட்டால் நாம் இருவரும் கூலி வேலைக்கு மலையிறங்க வேண்டியதுதான்.

கோயில் வாசலில் பானைக்குள் ஏழு மொச்சை போட்டார்கள். ஆறு சிவப்பு, ஒன்று வெள்ளை. பார்க்காமல் கைவிட்டு வெள்ளையை எடுக்கும் வீட்டுக்கு வயல். ஆண் துணை இல்லாத வீடு என்று நம்மைக் கடைசியில் நிறுத்தினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“கடைசியில நமக்கு என்னங்க மிஞ்சும்?”

“மொதல்ல எடுத்தாலும் ஏழுல ஒண்ணு, கடைசியில எடுத்தாலும் ஏழுல ஒண்ணுதான் கண்ணு. வெள்ளைக்கு வரிசையா தெரியும்?”

முதல் இருவருக்கும் சிவப்பு. மூன்றாமவருக்கும் சிவப்புதான். சாமி பொருளாயிற்றே என்று அவர் அதைக் கண்ணில் ஒற்றிப் பானைக்குள்ளேயே போட்டுவிட்டார். எல்லோரும் பக்தி என்று பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் எழுந்தீர்கள்.

“எடுத்ததத் திருப்பிப் போடாதீங்க. நாலு ஊட்டுக்கு நாலு மொச்சை இருந்துச்சு, இப்ப அஞ்சாயிருச்சு. எல்லாரும் எடுத்தப்புறம் வெள்ளை பானைக்குள்ளயே தங்கிட்டா வயலு யாருக்குங்க?”

கூட்டம் முணுமுணுத்தது. பூசாரி தலையைச் சொறிந்தார். “அவரு போட்டது எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?”

“செவப்புல எதை எடுத்தா என்னங்க?”

பூசாரி பானைக்குள் எட்டிப் பார்த்து ஒரு சிவப்பை எடுத்து வெளியே வைத்தார்.

நான்காமவருக்கும் சிவப்பு. “இப்ப நமக்கு மூணுல ஒண்ணு” என்று என் காதில் சொன்னீர்கள். ஐந்தாவதும் சிவப்பு. “பாதி.” ஆறாமவர் கையை விரித்தார். சிவப்பு! பூசாரி பானையை நம்மிடம் நீட்ட, “இனி எதுக்குங்க எடுக்கறது?” என்று சிரித்துவிட்டு, மண்வெட்டி எங்கே என்று என்னைக் கேட்டீர்கள்.

இன்றும் அந்த வயல் நெல்தான் நம் வீட்டுச் சோறு. எந்த வரிசையில் கடைசியில் நின்றாலும் நான் பதறுவதில்லை. எத்தனை போயிற்று, எத்தனை மிச்சம் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

எடுத்ததைத் திருப்பிப் போடக் கூடாது என்று ஊரையே எதிர்த்து நின்றவர் நீங்கள். உங்களை எடுத்துக்கொண்ட சாமி மட்டும் திருப்பிப் போடுவதாக இருந்தால், அந்த ஒரு தடவை நான் வாயே திறக்க மாட்டேன், நங்கை.