உள்ளங்கைக்குக் கேட்ட குரல்

ஸுபைதாவின் வாப்பாவுக்கு,

அடுத்த வீட்டில் தேங்காயெண்ணெயில் வெள்ளைப்பூடு காய்ச்சுகிறார்கள். பிள்ளைக்குக் காதுவலியாக இருக்கும். வாசம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு உங்களோடு பேச உட்கார்ந்திருக்கிறேன்.

நம் மகளுக்கும் காய்ச்சி ஊற்றினோம்தானே. மூன்று வயதில் சீழ் வடிய ஆரம்பித்தது. ஒரு காது ஆறினால் மற்றக் காது. கடைசியில் கூப்பிட்டாலும் திரும்பாமல் போனாள். கண்டியில் டாக்டர் பார்த்துவிட்டு, சீழ் இரண்டு உள்காதையும் அரித்துவிட்டது, இனிக் கேட்காது என்றார். பஸ் ஏறி கெலிஓயாவுக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அவளை மடியில் வைத்து, பிறந்த அன்று சொன்னதுபோலவே வலது காதில் பாங்கு சொன்னீர்கள்.

"நான் அண்டைக்குச் சொன்ன பாங்கு உள்ளுக்குத்தான் ஈக்கும். அது எங்கயும் போகாது" என்றீர்கள்.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் நெஞ்சில் ஊன்றியிருந்த தன் கையைப் பார்த்துச் சிரித்தாள். குரல் அந்த வழியாகப் போயிருந்தது.

உங்கள் குரல் ஒன்றும் தேன் குரல் இல்லை. கடையில் பருப்பு விலை சொன்னால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். "ஊருக்கே விலை சொல்றீங்களா?" என்று எத்தனை தரம் கேலி செய்திருப்பேன்! அந்தக் குரல்தான் பிள்ளைக்குத் தோதாக இருந்தது. தினமும் கடை பூட்டி வந்ததும் நெஞ்சில் கை வைப்பாள். நீங்கள் அன்றைய வியாபாரத்தையெல்லாம் அவளிடம் ஒப்புவிப்பீர்கள்.

பிறகு ஊரெல்லாம் பரவிய காய்ச்சல் உங்களையும் கொண்டுபோனது.

ஜனாஸா எடுக்குமுன் முகம் பார்க்க அவளைக் கூட்டி வந்தேன். கபன் துணிமேல் கையை வைத்துக் காத்திருந்தாள். கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மற்றக் கையையும் வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என்னிடம் காட்டினாள். காது போனதுபோலக் கையும் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள், என் பிள்ளை.

அந்தக் கைகளை இழுத்து என் நெஞ்சில் வைத்து, "ஸுபைதா! ஸுபைதா!" என்று கத்தினேன். உங்களோடு பிறந்த ராத்தா பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"மய்யித்து ஊட்டுல சத்தம் போட்டு அழப்படாது புள்ள. சபுரா, பொறுமையா ஈங்க."

நான் அழவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு விளங்கியது. விளங்கிய பிறகுதான் உங்கள் பக்கம் திரும்பி அழுதாள்.

இப்போதும் கடை பூட்டும் நேரத்துக்கு வந்து என் நெஞ்சில் கை வைக்கிறாள். எனக்கு மெலிந்த குரல். உங்களைப்போல் அடித்தொண்டையிலிருந்து பேசப் பழகிக்கொண்டேன். யாரோடு சண்டை என்று பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள். கேட்கட்டும். நான் பருப்பு விலைதான் சொல்கிறேன். எல்லாம் சொல்லி முடிந்ததும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் பார்ப்பேன்.