பொட்டுவும் மாப்பிள்ளையும்

அன்புள்ள (இந்தச் சொல்லை அடித்துவிட்டுப் படிக்கவும்) அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டில் ஈப் பஞ்சம் தீர்ந்தது. சிலந்தித் தீனிக்காக வைத்த அழுகிய வாழைப்பழ ஜாடியில் குட்டி ஈக்கள் அனைவரும் நலம். அம்மாதான் நலமில்லை, "இந்த ஜாடி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்கிறாள். ஈ நிறைய இருக்கிறது, சாப்பிடத்தான் ஆள் குறைந்துவிட்டது. காரணம் நீ.

உன் ஆய்வுக்கூடத்திலிருந்து போட்டோ வந்தது. சின்னக் குப்பி, உள்ளே ஸ்பிரிட், அதில் எட்டுக் காலையும் மடக்கிக்கொண்டு என் பொட்டு. பின்பக்கம், "வாழ்த்துகள்டா, சேகரித்தவர்னு உன் பேர் போட்டிருக்கேன்" என்று உன் கையெழுத்து. பொட்டு என்று பேர் வைத்தவன் நான். பொட்டலம் கட்டியவள் நீ.

பின்சுவர்க் கல்லிடுக்கில் கடுகளவு இருந்தபோது பிடித்தேன். இந்த மலையடிவாரத்தை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத வகை என்று குதித்தது நீதான். "கடைசியாச் சட்டை உரிக்கிற வரைக்கும் பத்திரமா வளர்த்துக் குடு, அப்பதான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றாய். நாலு மாதம் ஈ போட்டேன், பஞ்சில் தண்ணீர் நனைத்து வைத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாய் என்று நினைத்தேன். குப்பியில் போடத்தான் வளர்க்கச் சொன்னாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. யாரிடமும் சொல்லாததைக்கூட என்னிடம் சொல்பவள் ஆயிற்றே நீ.

இப்போது ஆணும் வேண்டுமாம். இல்லாவிட்டால் உன் கட்டுரை நிற்குமாம். நிற்கட்டும். கால் வலித்தால் உட்காரட்டும். பொட்டுவுக்கென்று அதே கல்லிடுக்கில் பிடித்து வைத்த மாப்பிள்ளை என் பாதுகாப்பில் இருக்கிறார். அப்பாவே வந்து கேட்டாலும் கிடைக்காது. நம்பி வந்த உயிரைக் கைவிடும் பழக்கம் உன்னோடு போகட்டும்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று தபால்பெட்டி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

அக்கா, மாப்பிள்ளை போன வாரமே செத்துப்போச்சு. போட்டோ வந்த கோபத்தில் டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டு கிரிக்கெட் ஆடப் போனேன். இரண்டு நாள் ஞாபகமே வரவில்லை. நல்ல வெயில். பஞ்சு காய்ந்து சருகாகக் கிடந்தது.

மருந்து அலமாரி ஸ்பிரிட்டில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். இதற்கு என் பேர் போடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆண் சிலந்தி பெரிதானபின் எப்படியும் நாலு நாள்தான் தாங்கும் என்று ஒரு வரி எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் தம்பி