மூன்றாவது சிலிண்டர்

ஜூலை 7, திங்கள்

அத்திபெலே ஃபேக்டரியிலிருந்து திரும்பும்போது, சந்தாபுரா பக்கம் கார் குலுங்கியது. டேஷ்போர்டில் மஞ்சளாக இன்ஜின் விளக்கு. ஓரங்கட்டிப் பார்த்தேன். புகை இல்லை, தீய்ந்த வாசனை இல்லை. மெதுவாக உருட்டிக்கொண்டு ஈஜிபுரா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

என் வீட்டுக்காரர் ரகு உடனே சாவியை வாங்கிக்கொண்டு அடுகோடியில் முனிராஜ் கேரேஜுக்குக் கொண்டுபோனார். கார் என் பெயரில், ஓட்டுவது நான். ஆனால் முனிராஜின் போனில் இருப்பது அவர் நம்பர். வாங்கிய நாளிலிருந்து இப்படித்தான்.

வண்டியோடு திரும்பி வந்து சொன்னார்: இன்ஜினையே பிரிக்கணுமாம். செலவு பண்ணுவது வீணாம், கொடுத்துவிடலாமாம். அவர் ஆபீஸ் ஹரிஷ் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து, இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்வாராம். சாயங்காலம் கெட்ட வண்டிக்கு ராத்திரிக்குள் ஆள் பிடித்தாயிற்று. என்ன சுறுசுறுப்பு!

ஜூலை 8, செவ்வாய்

இரண்டு பஸ் மாறிப் போனேன். லேட். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு பஸ்ஸை நம்ப முடியாது. கார் போனால் என் சூப்பர்வைசர் வேலையும் போச்சு. அது ரகுவுக்கும் தெரியும்.

ஜூலை 9, புதன்

ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் வீணாவிடம் புலம்பினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "கோடு என்ன வந்துச்சு?"

எனக்கு என்ன தெரியும்? அவளிடம் சொந்தமாக ஒரு ஸ்கேனர் இருக்கிறது, தீப்பெட்டி அளவுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினால் வண்டிக்கு என்ன கோளாறு என்று ஒரு எண்ணாகப் போனில் காட்டுமாம், அதுதான் கோடு. கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளணும், கரண்ட் பில் படிக்கத் தெரிந்தால் போதும் என்றாள். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் ஆர்டர் போட்டுவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் ரகுவுக்குப் பிடிக்கவில்லை. விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு என்றார். எனக்கு வேணும் என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

வந்துவிட்டது. சொருகினேன். P0303. மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஏன் எரியவில்லை என்று சொல்லவில்லை.

சாயங்காலம் முழுக்கத் தேடிப் படித்தேன். ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் பொறி கொடுக்க காயில் என்று ஒரு பாகம் இருக்கிறது. மூன்றாவதன் காயிலை இரண்டாவதில் மாட்ட வேண்டும். கோளாறும் கூடவே இரண்டாவதுக்குப் போனால் காயில்தான் போச்சு, இன்ஜின் நன்றாக இருக்கிறது. இவ்வளவுதானா? இதற்கா இன்ஜினைப் பிரிக்கணும்?

இருடா முனிராஜ், நாளைக்கு இருக்கு உனக்கு.

ஜூலை 12, சனி

ரகு வெளியே போன நேரம் பார்த்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு அடுகோடி போனேன். காயிலை மாற்றி மாட்டுங்கள் என்று அதிகாரமாகச் சொன்னேன். முனிராஜ் அப்படியே மாட்டினார். பழைய கோடை அழித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டோம். மறுபடி விளக்கு. P0302. கோளாறு இரண்டாவதுக்கு வந்துவிட்டது.

பாத்தீங்களா என்றேன். ஜெயித்துவிட்ட குரலில்தான்.

"அன்னிக்கே இதே மாதிரி மாத்திப் பாத்துட்டு, பழையபடியே மாட்டி வச்சேன் மேடம். காயில் ஒண்ணுதான், அரை மணி வேலைன்னு சார்கிட்ட சொன்னேனே. வீட்ல கேட்டுட்டு வர்றேன்னு வண்டிய எடுத்துக்கிட்டு போயிட்டாரு."

அப்போ இன்ஜினைப் பிரிக்கணும்னு யார் சொன்னது என்று கேட்டேன்.

"சும்மா எதுக்கு பிரிக்கணும்?" என்றார் அவர்.

யாரைப் பிடிக்கப் போனேன், யார் மாட்டினார்! முனிராஜ் சேர் போட்டு டீ வரவழைத்தார். பாவம் மனுஷன், அவரைப் போய் சந்தேகப்பட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஹரிஷ் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். முனிராஜ் என்ன சொன்னார்? ரகு மறுபடியும் இன்ஜின் என்று ஆரம்பித்தார். நேற்று அடுகோடி போயிருந்தேன் என்றேன். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மே மாசம், நான் தினமும் போகிற ஹோசூர் ரோட்டில் லாரிக்கு அடியில் என் கார் மாதிரியே ஒரு வெள்ளை கார் போன செய்தி வந்ததே, அன்று நான் ஷிஃப்டில் இருந்தேன், போனை எடுக்கவில்லை. அதிலிருந்து தினமும் நான் வீடு வரும்வரை அவருக்கு உயிர் கையில் இல்லையாம்.

"பயமா இருக்குன்னு சொன்னா நீ சிரிப்பே, தமயந்தி."

சிரித்திருப்பேன்தான். அதுக்காக? பொய் சொல்லி காரை விப்பீங்களா? என் வேலை போனா பரவாயில்லையா உங்களுக்கு? கத்தினேன். அழுகையும் வந்தது, வருத்தத்தில் இல்லை, ஆத்திரத்தில். அவர் பயம் நிஜம். எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் பயத்துக்கு என் காரை ஏன் கொடுக்கணும்?

ஹரிஷ் போன் பண்ணினார். நானே எடுத்து, வண்டி கொடுப்பதாக இல்லை என்றேன்.

ஜூலை 14, திங்கள்

புது காயில் மாட்டியாயிற்று. கோடு எதுவும் இல்லை. முனிராஜ் போனில் என் நம்பரை நானே போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

மாடி வீட்டு சிந்து, ஸ்கேனர் வாங்கலாமா என்று கேட்டாள். கட்டாயம் வாங்கு என்றேன். அதை வைத்துக்கொண்டு மெக்கானிக் ஆகிவிட முடியாது. எங்கே கோளாறு என்று காட்டும், ஏன் என்பதை கேரேஜில்தான் கேட்கணும். ஆனால் நீயே போய் உன் காதால் கேள் என்றேன். ரகு பக்கத்தில்தான் இருந்தார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கார் நேற்றிலிருந்து சர்வீஸில். இன்று மதியம் ஷிஃப்ட். காலை டிபன் நேரத்தில் முனிராஜ் கூப்பிட்டார், என் போனுக்கு. முன் பிரேக் பேட் ரொம்பத் தேய்ந்துவிட்டது, ஹோசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே இதோடு ஓட்டவே கூடாது, சாயங்காலம்தான் மாற்றி முடியும் என்றார்.

ரகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டார்.

ஒண்ணுமில்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபம்! லாரி, பிரேக், இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இந்த மனிதர் தாங்குவாரா?

முனிராஜ் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன்.

ரகு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். பிறகு கேட்டார்:

"நாளைக்கு ஷிஃப்டுக்குள்ள வண்டி வந்துடுமில்ல?"