ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கும் தேன்சிட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு முன்னறை ஜன்னல் கண்ணாடி இனிமேல் துடைக்கப்படமாட்டாது. மறு உத்தரவு வரும்வரை அழுக்கு அப்படியே இருக்கும். அம்மா திட்டிப் பார்த்தாள், துணியை என் மூஞ்சியில் எறிந்தும் பார்த்தாள். ஆணை மாறவில்லை.

மற்றபடி நலம். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மறுபடி இரண்டு ஷிஃப்ட். முழங்கால் வீக்கம் வற்றவில்லை. போன வாரம் போனில் உன்னிடம் சொன்னாள். அச்சச்சோ என்றாய், அதே மூச்சில் மாடிப் பெட்டிக்கு பேட்டரி மாற்றியாச்சா என்று கேட்டாய். அம்மா சிரித்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டினாள். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

பேட்டரி மாற்றியாச்சு. நம் மாடியில் ஒன்று, என் பள்ளிக்கூடக் கூரையில் ஒன்று என நீ வைத்துவிட்டுப் போன பெட்டிகளை என்னைப்போல் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. முதுகில் மிளகளவு கருவியைச் சுமக்கும் உன் தேன்சிட்டு கிட்டே வந்தால் பெட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். நான் வாராவாரம் அதை அனுப்புவேன். ஒரு வாரம் தவறியதுண்டா? நீ டாக்டர் ஆனால் நான்தான் கம்பவுண்டர்.

சிட்டு காலை எட்டேகாலுக்குப் பள்ளிக்கூடத் தோட்டத்துக்குப் போகிறது, நாலரைக்குத் திரும்புகிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவதில்லை என்று துள்ளினாய். கிழமை தெரிந்த பறவையை யாருமே பார்த்ததில்லையாம். அதையே ஆராய்ச்சித் திட்டமாக எழுதிக் கொடுத்தாய். இந்த வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வு. இருநூறு பேரில் நாலு பேரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அக்கா, நம் வீட்டில் அந்த டைம்டேபிள் யாருக்கு இருக்கிறது? உன் தம்பி எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் போகிறான் என்பது ஞாபகம் இருந்திருந்தால் முதல் வாரமே என்னைப் பிடித்திருப்பாய்.

நீ ஊருக்குப் போன மூன்றாவது வாரம், அம்மா கெஞ்சினாளே என்று வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஜன்னலைத் துடைத்தேன். பளபளவென்று. மத்தியானம் சிட்டு அதில் நேராக வந்து மோதிச் செத்துப்போச்சு. செம்பருத்திச் செடியடியில் புதைத்தேன். கருவியை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஆனால் சிட்டு வந்ததா என்று கேட்கத்தானே தினமும் ஆறு மணிக்குக் கூப்பிட்டாய்? அது போய்விட்டால் எதற்குக் கூப்பிடுவாய்?

பெட்டியைப் பார்த்துக்கொண்டேன் என்று மேலே பீற்றிக்கொண்டதை அடித்துவிடு. மூன்று மாதமாகப் பெட்டிதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் மூன்று வாரக் கணக்கு மட்டும் நிஜம். மிச்சமெல்லாம் என் சட்டைப்பையும் பள்ளிக்கூடம் போய்வந்த சைக்கிளும்.

போனில் சொன்னால் வழக்கம்போல் ஏதோ வால்தனம் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கூரியர், புதன்கிழமை கிடைத்துவிடும். அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் நீயே சொல்லிவிடு. என் பேரைச் சொல்லியே சொல்.

திட்டுவதற்காவது கூப்பிடு. ஆறு மணிக்கே கூப்பிடு. முதலில் அம்மாவின் முழங்காலைக் கேள்.

வாரத்தில் ஆறு நாள் பறந்த,
உன் வாலு